மீதி பூஜ்யம் என்று போட்டிருந்தால்

டீயைக் குடித்துக்கொண்டே பார்ப்போம். அமெரிக்கக் கல்லூரி ஒன்று உங்கள் மகளுக்கு அனுப்பிய நிதியுதவிக் கடிதத்தை எடுத்து வையுங்கள், கூடவே ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும். கணக்குக்காக, 2025-26 கல்வியாண்டுக் கடிதம் என்று இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஓராண்டுச் செலவு 62,000 டாலர். அதன் கீழே கல்லூரி கிராண்ட் 26,000, ஃபெடரல் மாணவர் லோன் 5,500, ஒர்க்-ஸ்டடி 2,500, பேரன்ட் பிளஸ் லோன் 28,000. கூட்டினால் சரியாக 62,000. மீதி பூஜ்யம்!

இதில் திருப்பிக் கட்டவோ உழைத்துச் சம்பாதிக்கவோ தேவையில்லாத பணம் கிராண்ட் மட்டும்தான். தாளில் 62,000-த்திலிருந்து 26,000-த்தைக் கழியுங்கள். வரும் 36,000-தான் உங்கள் குடும்பம் எப்படியாவது புரட்ட வேண்டிய தொகை. எந்தக் கல்லூரிக் கடிதம் வந்தாலும் முதலில் இந்த ஒரு கழித்தலைச் செய்துவிடுங்கள். ஏனென்றால் பல கல்லூரிகள் இதைச் செய்து காட்டுவதில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2022-ல் ஆராய்ந்தபோது, சுமார் 91 விழுக்காடு கல்லூரிகள் இந்த நிகரச் செலவைச் சொல்லாமலே விட்டிருந்தன, அல்லது குறைத்துக் காட்டியிருந்தன. கடனையும் உதவித்தொகையையும் ஒரே பட்டியலில் கூட்டிக் காட்டுவது பெற்றோருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இனி அந்த 36,000-க்கு வருவோம். ஒர்க்-ஸ்டடி கல்லூரி பில்லில் தானாகக் கழியாது. மகள் நூலகத்திலோ அலுவலகத்திலோ வேலை பார்த்தால் சம்பளமாக வரும், கைச்செலவுக்கு ஆகும். 5,500 லோன் அவள் பெயரில் வருவது. முதலாண்டில் பொதுவாக அதுதான் உச்சவரம்பு. அதில் அதிகபட்சம் 3,500 வரை சப்சிடைஸ்டு, அதாவது படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும். மற்றதற்குப் பணம் வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே எவ்வளவு எந்த வகை என்று கடிதத்தில் பாருங்கள்.

பேரன்ட் பிளஸ்தான் கவனமாகப் பார்க்க வேண்டிய வரி. அது உங்கள் தலையில் விழும் கடன். 2025-26 கல்வியாண்டுக்கு வட்டி 8.94 விழுக்காடு; மாணவர் லோனுக்கு 6.39-தான். பணம் வருமுன்பே நாலு விழுக்காட்டுக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். எச்-1பி விசாவில் இருக்கும் குடும்பங்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளை குடிமகள் என்பதால் ஃபாஃப்ஸா என்ற அரசு நிதியுதவி விண்ணப்பம் போடலாம், மாணவர் லோன் வாங்கலாம், வருமானம் குறைவென்றால் அரசின் பெல் கிராண்ட்கூடக் கிடைக்கலாம். ஆனால் பேரன்ட் பிளஸ் வாங்க, பெற்றோருக்கே குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். உங்களால் வாங்க முடியாத கடனைக் கூட்டித்தான் மீதி பூஜ்யம் என்று போட்டிருக்கிறார்களா, பாருங்கள்.

62,000 முழுவதும் கல்லூரிக்குக் கட்டுவதும் அல்ல. டியூஷன், தங்குமிடம், சாப்பாட்டுக்குத்தான் பில் வரும். புத்தகம், பயணம், சில்லறைச் செலவு எல்லாம் அவர்கள் போட்ட உத்தேசம். டெக்சஸிலிருந்து பாஸ்டன் போய்ப் படிக்கிறவளுக்கு விமானச் செலவு அதைவிடக் கூடுதலாகலாம்.

அப்புறம், நாலு வருடத்துக்கும் கணக்குப் போடுங்கள். 36,000 நாலு மடங்கானால் 1,44,000. டியூஷன் பெரும்பாலும் ஆண்டுதோறும் ஏறும். கிராண்டும் சேர்ந்து ஏறுமா, குறிப்பிட்ட மதிப்பெண் இருந்தால்தான் தொடருமா என்று நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஃபாஃப்ஸாவில் காட்டிய வருமானத்துக்குப் பிறகு வேலை போயிருந்தாலோ மருத்துவச் செலவு வந்திருந்தாலோ, ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேளுங்கள். கேட்பதால் இடம் பறிபோகாது. பல கல்லூரிகளுக்கு மே 1-க்குள் சேருவதை உறுதிசெய்ய வேண்டும் என்பதால், கடிதம் வந்த வாரமே எழுதிவிடுங்கள்.