கடன் சொற்களும் நிதி விலக்கமும்: தமிழகக் கிராமப்புறக் கடன் முறைகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வங்கிக் கணக்கு இல்லாமையே நிதி விலக்கம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. தமிழகக் கிராமங்களில் புழங்கும் தண்டல், முன்பணம், மொய் முதலிய கடன் முறைகளை அவற்றுக்குரிய சொற்களின் வழி அணுகும்போது, ஏழைகள் கடனின்றி விலக்கப்படவில்லை, நியாயமான நிபந்தனைகளிலிருந்தே விலக்கப்படுகின்றனர் என்பது புலப்படுகிறது. அதனை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிதி விலக்கம், தண்டல், முன்பணம், மொய், குறுங்கடன், கந்துவட்டி.

முன்னுரை

இந்தியாவில் 1969ஆம் ஆண்டு 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. 2014 ஆகஸ்டில் மக்கள் நிதித் திட்டம் தொடங்கப்பட்டது. இவற்றின் விளைவாக வங்கிக் கணக்கு வைத்திருப்போர் எண்ணிக்கை பெருகியுள்ளது. உலக வங்கியின் 2021ஆம் ஆண்டுத் தரவின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 78 விழுக்காட்டினருக்குக் கணக்கு உண்டு. ஆயின், அதே தரவு கணக்கு வைத்திருப்போரில் 35 விழுக்காட்டினரின் கணக்குகள் ஓராண்டாக இயக்கமின்றிக் கிடந்தன என்றும் கூறுகிறது. கணக்கு உண்டு, புழக்கம் இல்லை. அவ்வாறாயின் அம்மக்களின் பணப்புழக்கம் எங்கே நிகழ்கிறது என்னும் வினா எழுகிறது.

வட்டியின் மொழி

தமிழில் கடன் என்னும் சொல் பட்ட கடனையும் ஆற்றவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கும். புறநானூற்றின் 312ஆம் பாடலில் அது கடமை என்னும் பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. இவ்விரு பொருளும் இன்றைய கிராம வழக்கிலும் பிரியாமல் நிற்கின்றன. நெருங்கியோரிடம் வட்டியின்றிப் பெறுவது கைமாற்று. நகையை வைத்துப் பெறுவது அடகு. நாள்தோறும் வசூலிக்கப்படுவது தண்டல். குறித்த நேரம் தவறியதும் ஏறிக்கொண்டே போவது மீட்டர் வட்டி. யாரிடம், எந்த உறவில், எவ்வகை அச்சத்தோடு கடன் பெறப்படுகிறது என்பதை ஒவ்வொரு சொல்லும் உணர்த்திவிடுகிறது. தமிழ்நாடு அரசு 2003ஆம் ஆண்டு இயற்றிய அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. எனினும் கந்துவட்டி, தண்டல் ஆகிய சொற்களை அது தமிழ் ஒலியிலேயே எடுத்தாண்டது. அவற்றுக்கு ஈடான சட்டச்சொல் ஆங்கிலத்தில் கிட்டாமையே இதற்குக் காரணமாகலாம்.

வட்டி சொல்லப்படும் முறையும் கருதத்தக்கது. வங்கி ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று கூறும். கிராமமோ நூறு ரூபாய்க்கு மாதம் இத்தனை ரூபாய் என்று கூறும். 'மூன்று வட்டி' என்பது ஆண்டுக்கு 36 விழுக்காடு, 'பத்து வட்டி' என்பது 120 விழுக்காடு. இரு கணக்குகளும் ஒரே தாளில் அருகருகே எழுதப்படுவதில்லை ஆதலால் ஒப்பீடு நிகழ்வதே இல்லை.

தண்டலில் விழுக்காடு என்னும் பேச்சே எழுவதில்லை. அரசிறை திரட்டுவதைக் குறித்த இச்சொல் இன்று சந்தை வணிகர், தள்ளுவண்டிக்காரர், பூ விற்போர் ஆகியோர் பெறும் நாள்கடனைக் குறிக்கிறது. எடுத்துக்காட்டாக, 10,000 ரூபாய்க் கடனில் 1,500 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் தரப்படுகிறது எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள்களில் கடன் அடைகிறது. மேலோட்டமாக இது 15 விழுக்காடு போலத் தோன்றும். ஆனால், கடன் தொகை நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், கடன் பெற்றவர் கையில் சராசரியாக இருப்பது ஏறத்தாழப் பாதித் தொகையே ஆகும். நாள்வாரியாகக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 120 விழுக்காட்டைத் தொடும். அதாவது, 'பத்து வட்டி' என்றால் அஞ்சி விலகும் ஒருவர் அதே வட்டியை நூறு நூறாகக் கட்டிவிடுகிறார். இதனை அறியாமை என்று ஒதுக்குதல் பொருந்தாது. காலையில் சரக்கெடுக்கப் பணம், வீடு தேடி வரும் வசூல், ஆவணம் கேளாத நம்பிக்கை ஆகிய மூன்றையும் வங்கிக் கிளை வழங்குவதில்லை. நாள்வருமானம் உடையவருக்கு மாதத்தவணை பொருந்தாது என்பதைத் தண்டல்காரர் வங்கியாளரினும் நன்கு அறிந்துள்ளார்.

வட்டியில்லாக் கடன்கள்

வட்டியே இல்லாத கடன் மலிவானது என்றும் கொள்ள இயலாது. செங்கல் சூளைக்குச் செல்லும் தொழிலாளர் குடும்பங்கள் பருவத் தொடக்கத்தில் பெறும் முன்பணத்திற்கு வட்டி கிடையாது. அது உழைப்பால் கழிக்கப்படுகிறது. பருவ முடிவில் கணக்கு நேராகாவிடில் மிச்சக்கடன் அடுத்த பருவத்துக்குச் செல்லும், குடும்பமும் உடன் செல்லும். வேறு முதலாளியிடம் கூடுதல் கூலிக்குப் போகும் உரிமையே இங்கு வட்டியாகப் பறிக்கப்படுகிறது எனலாம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இத்தகைய முன்பணத்தையே கொத்தடிமைக் கடன் என வரையறுக்கிறது. சட்டத்தின் பார்வையில் குற்றமாவது ஊர்ப்பேச்சில் 'அட்வான்ஸ்' என்னும் எளிய சொல்லாக உலவுகிறது.

இதற்கு நேர்மாறான ஒன்று மொய். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நிகழும் மொய்விருந்து, வட்டியின்றிப் பெருந்தொகை திரட்டும் ஊர்முறையாகும். ஒரு குடும்பம் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை விருந்து வைக்கும். தொகைகள் மொய் நோட்டில் பதியப்படும். பெற்றவர் பின்னர் அதனைக் கூடுதலாகச் சேர்த்துத் திருப்பிச் செய்யவேண்டும். இதனை ஒப்புரவின் எச்சமாகப் போற்றிக் கூறுவோர் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும், முன்னர் செய்தவருக்கே மொய் திரும்பி வரும். செய்ய வலுவில்லாத கூலித் தொழிலாளிக்கு நோட்டில் பக்கம் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் இவ்வட்டாரத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அத்தகைய பேரிடரில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவாய் இழக்கின்றனர், ஆதலால் எவரும் எவருக்கும் கைகொடுக்க இயலாது. ஊர்முறை நிதியின் வரம்பு இதுவே.

ஏட்டில் வராத கடன்

1992ஆம் ஆண்டு நபார்டு வங்கி தொடங்கிய சுயஉதவிக் குழு வங்கி இணைப்புத் திட்டம் பெண்களுக்கு வங்கியின் கதவைத் திறந்தது. அதன்பின் வந்த தனியார் குறுநிதி நிறுவனங்கள் குழுப் பொறுப்பை வசூல் கருவியாக்கின. ஒருவர் தவணை தவறினால் பிறர் கட்டவேண்டும். ஆகவே நெருக்குவது முகவர் மட்டுமன்று, அண்டை வீட்டாரும் ஆவர். 2010இல் ஆந்திரத்தில் இம்முறை பெரும் நெருக்கடிக்குள்ளானதை அடுத்து அம்மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது.

இந்திய ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை, ஆண்டு வருமானம் 3 இலட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்தின் மாதத் தவணைச்சுமை, மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கிறது. நோக்கம் நன்று. ஆனால் கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் இடம்பெறுவன முறைசார் கடன்களே. தண்டலும் முன்பணமும் மொய்யும் அவ்வேட்டில் இல்லை. வாரத்தவணை கட்டத் தண்டல் வாங்குவதும், தண்டலை அடைக்க நகையை அடகு வைப்பதும், நகையை மீட்க மீண்டும் குழுக்கடன் பெறுவதும் கிராமங்களில் இயல்பானவை. வடதமிழகக் கிராமங்களில் நீண்டகாலம் களஆய்வு செய்த இசபெல் கெரான் முதலியோர் இச்சுழற்சியை விரிவாகப் பதிவுசெய்துள்ளனர். கடனைத் தேடுவதும் சுமப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலையாகிவிட்டதை அவ்வாய்வுகள் சுட்டுகின்றன. இச்சுழற்சியில் நிறுவனத்தின் ஏட்டில் தவணை தவறாமல் வந்துகொண்டிருக்கும். திருப்பிச் செலுத்தும் விழுக்காட்டை வறுமைக் குறைப்பின் சான்றாகக் காட்டும் அறிக்கைகளை இதனாலேயே ஐயத்துடன் நோக்கவேண்டியுள்ளது.

சட்டத்தின் எல்லையும் இங்கேதான் தென்படுகிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தபோதே, 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிப் புகாரோடு தொடர்புடைய குடும்பம் ஒன்று தீக்குளித்து மாண்டது. கடன் நிறுவனங்களின் கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டமுன்வடிவு ஒன்றைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025இல் நிறைவேற்றியது. இவை வசூலிக்கும் முறையைத் தண்டிக்கின்றன. நாள்வருமானம் உடையவருக்கு மறுநாள் காலை சரக்கெடுக்கப் பணம் தருவது யார் என்பதை இவை தொடுவதில்லை. அந்த இடம் நிரப்பப்படாதவரை, புகார் அளிப்பவர் தமக்குள்ள ஒரே கடன்வாயிலையும் இழக்க நேர்கிறது. புகார்கள் குறைவாக வருவதற்கு அச்சத்தைப் போலவே இக்கணக்கும் காரணமாகும்.