காது சொட்டு மருந்து: பாட்டிலைத் திறக்கும் முன் செவிப்பறையைப் பார்த்தாச்சா?

ஞாயிற்றுக்கிழமை நீச்சல் குளத்தில் ஆட்டம். திங்கட்கிழமை முழுக்க இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு மீட்டிங். செவ்வாய் இரவு காது குடைய ஆரம்பிக்கிறது. புதன் காலை காது மடலைத் தொட்டாலே சுள்ளென்று வலி. “அலமாரில பாரு, போன வருஷம் அப்பாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த டிராப்ஸ் பாதி அப்படியே இருக்கும்” என்கிறார் அம்மா. அது கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது தெருமுனை மெடிக்கல் ஷாப். “அண்ணா, காது வலிக்குது, ஏதாவது டிராப்ஸ் குடுங்க.”

பல வீடுகளில் நடக்கிற கதைதான். பெரும்பாலும் விபரீதம் எதுவும் நடப்பதில்லை. இந்தப் பழக்கம் தொடர்வதற்கும் அதுதான் காரணம். ஆனால், விரல் நீளம்கூட இல்லாத அந்த பாட்டிலில் இருப்பது ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு என்ற இரண்டு வலுவான மருந்துகள். சரியான காதில் விழுந்தால் இரண்டே நாளில் நிம்மதி தரும். தவறான காதில் விழுந்தால், சில நேரம் கேட்கும் திறனையே பாதிக்கலாம். எந்தக் காது சரியான காது என்பதை வலியை வைத்துச் சொல்ல முடியாது. உள்ளே பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

வெளியிலிருந்து செவிப்பறை வரை உள்ள காதுக் குழாயின் நீளம் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 2.5 செ.மீ. தண்ணீர் தேங்கினாலும், பட்ஸ் போட்டுக் குடைந்தாலும், நாள் முழுக்க இயர்பட்ஸ் அடைத்திருந்தாலும் அந்தக் குழாயின் தோல் ஊறிப்போய், கீறல் விழுந்து, கிருமிக்கு வழி விடுகிறது. ‘சூடோமோனாஸ்’, ‘ஸ்டஃபைலோகாக்கஸ்’ என்ற பாக்டீரியாக்கள்தான் இங்கே வழக்கமான விருந்தாளிகள். இதைப் புறச்செவித் தொற்று என்கிறார்கள். நீச்சல் அடிப்பவர்களுக்கு அதிகம் வருவதால் ‘ஸ்விம்மர்ஸ் இயர்’ என்ற பெயரும் உண்டு.

இந்தத் தொற்றுக்கு மாத்திரையைவிடச் சொட்டு மருந்துதான் முதல் தேர்வு. காரணம் எளிமையானது. சிப்ரோஃப்ளாக்சசின் காது சொட்டு மருந்து பொதுவாக 0.3 சதவீதம், அதாவது 1 மி.லி.யில் 3 மி.கி. மருந்து. அதே மருந்தை மாத்திரையாக விழுங்கினால் ரத்தத்தில் கிடைக்கும் அளவைவிட இது பல நூறு மடங்கு அதிகம். கிருமி இருக்கும் இடத்திலேயே இவ்வளவு அடர்த்தியாக மருந்து விழுகிறது. உடலின் மற்ற பாகங்களுக்கு அதிகம் போவதில்லை.

கூடவே வரும் ஸ்டீராய்டின் வேலை வேறு. டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ஹைட்ரோகார்டிசோன் போன்றவை வீக்கத்தையும் அரிப்பையும் குறைக்கும். கிருமியைக் கொல்லாது. “ஸ்டீராய்டா? ஐயோ!” என்று பயப்படவும் வேண்டாம். இது உடற்கட்டுக்காகச் சிலர் போடும் ஊசி வகை இல்லை. டாக்டர் சொன்ன நாட்களுக்கு, சொன்ன அளவில், காதுக்குள் மட்டும் போடும்போது இது பொதுவாகப் பாதுகாப்பானது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்டீராய்டு அரிப்பைச் சீக்கிரமே அடக்கிவிடும். “சரியாயிடுச்சு” என்று மருந்தை நிறுத்திவிடுவோம். அரிப்பு நின்றது என்பதற்கு, கிருமி செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

எல்லாம் அந்தத் திரையில்தான் இருக்கிறது

காதுக் குழாயின் முடிவில் இருக்கும் மெல்லிய திரைதான் செவிப்பறை. அதற்கு அந்தப் பக்கம் நடுச்செவி. அதையும் தாண்டினால், கேட்பதற்கும் உடல் சமநிலைக்கும் பொறுப்பான உட்செவி. செவிப்பறை முழுசாக இருக்கும்வரை சொட்டு மருந்து வெளிப் பக்கமே நின்றுவிடும். அதில் ஓட்டை இருந்தால் நடுச்செவிக்குள் போகும். நடுச்செவிக்கும் உட்செவிக்கும் நடுவே இருக்கும் மெல்லிய சவ்வு வழியாகச் சில மருந்துகள் உட்செவிக்கும் கசியலாம்.

இங்கேதான் எந்த மருந்து என்ற கேள்வி வருகிறது. நியோமைசின், ஜென்டாமைசின் போன்றவை ‘அமினோகிளைகோசைடு’ என்ற வகையைச் சேர்ந்த ஆன்டிபயாடிக்குகள். உட்செவியின் நுண்ணிய மயிரிழைச் செல்களைப் பாதிக்கும் குணம் இவற்றுக்கு உண்டு. அந்தச் செல்கள் செத்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. எவ்வளவு வலுவான குணம் என்பதற்கு ஓர் உதாரணம்: ‘மெனியர்’ நோயால் கடுமையான தலைசுற்றலில் அவதிப்படும் சிலருக்கு, அந்தக் காதின் சமநிலை உறுப்பை வேண்டுமென்றே மந்தமாக்க ஜென்டாமைசினையே நடுச்செவிக்குள் ஊசியாகச் செலுத்துகிறார்கள். அங்கே சிகிச்சையாக இருப்பது, ஓட்டை விழுந்த காதில் தெரியாமல் ஊற்றினால் விபத்தாகலாம்.

மாறாக சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் ஆகியவை செவிப்பறையில் ஓட்டை இருக்கும் காதுக்கும் பாதுகாப்பானவை எனக் கருதப்படுகின்றன. அதனால் காதில் சீழ் வடியும்போது டாக்டர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் எழுதுகிறார்கள். சில சூழல்களில் மற்ற வகையையும் அவர்களே குறுகிய காலத்துக்குத் தரக்கூடும். ஆனால், அது காதைப் பார்த்து எடுத்த முடிவு. அலமாரியில் கிடைத்த பாட்டிலுக்கு அந்த யோசனை கிடையாது.

ஓட்டை இருப்பது எப்படித் தெரியும்?

வீட்டில் உறுதியாகச் சொல்ல முடியாது. டாக்டர் ‘ஓட்டோஸ்கோப்’ என்ற சிறு விளக்குக் கருவியால் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். ஆனால், சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள் உண்டு:

- கடுமையாக வலித்த காது, திடீரென்று வலி குறைந்து நீரோ ரத்தமோ சீழோ வடிவது.

- மூக்கைச் சிந்தும்போது காது வழியாகக் காற்று ‘புஸ்’ என்று வருவது.

- சொட்டு மருந்து விட்டதும் தொண்டையில் அதன் கசப்பு தெரிவது. நடுச்செவியிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் இருக்கிறது. ஓட்டை இருந்தால் மருந்து அந்த வழியாக இறங்கும்.

- சின்ன வயதில் அடிக்கடி சீழ் வடிந்தது, காது அறுவை சிகிச்சை செய்தது, கன்னத்தில் அறை வாங்கிய பிறகு காது மந்தமானது போன்ற பழைய கதைகள்.

இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் “ரெண்டு சொட்டு விட்டுப் பார்ப்போம்” என்பதே வேண்டாம். காதுக் குறும்பியைக் கரைக்கும் சொட்டு மருந்துக்கும் இதே விதிதான்.

குடைச்சல் என்றால் பூஞ்சையாகவும் இருக்கலாம்

நம் ஊர் வெயிலும் ஈரமும் பூஞ்சைக்குப் பிடித்த கூட்டணி. வலியைவிட அரிப்பு தூக்கலாக இருப்பது, காது அடைத்த மாதிரி தோன்றுவது, உள்ளே நனைந்த காகிதம் போன்ற படலமும் கறுப்புப் புள்ளிகளும் தெரிவது ஆகியவை பூஞ்சைத் தொற்றின் அடையாளங்கள். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. அதோடு போட்டிக்கு இருந்த பாக்டீரியாவும் போய், ஸ்டீராய்டால் அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியும் குறைந்தால் பூஞ்சைக்கு இன்னும் வசதி. “டிராப்ஸ் விட்டுக்கிட்டே இருக்கேன், குடைச்சல் போகவே மாட்டேங்குது” என்று வாரக்கணக்கில் புலம்புபவர்களில் சிலரின் கதை இதுதான். பூஞ்சைக்கு முதலில் காதைச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்து.

இன்னொரு சாத்தியமும் உண்டு. நியோமைசின் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். மருந்து விட விடக் காது மடல் சிவந்து, அரிப்பு கூடிக்கொண்டே போனால், நோய் முற்றுகிறது என்று நினைத்து இன்னும் நாலு சொட்டு விடாதீர்கள். நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சரி, எப்படி விடுவது?

டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். இனி, சரியாக விடுவதுதான் மிச்சம். அவசரத்தில் நின்றபடியே தலையைச் சாய்த்து ஊற்றினால் பாதி மருந்து கழுத்தில்தான் வழியும்.

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெளியே வடிந்திருக்கும் சீழை மட்டும் சுத்தமான துணியால் துடையுங்கள். உள்ளே எதையும் நுழைக்க வேண்டாம்.

2. பாட்டிலை உள்ளங்கைக்குள் ஒன்றிரண்டு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். சில்லென்ற மருந்து விழுந்தால் உட்செவியின் சமநிலை உறுப்பு குழம்பி, கிறுகிறுவென்று தலை சுற்றும். வெந்நீரிலோ அடுப்பிலோ சூடாக்கக் கூடாது.

3. ‘நன்றாகக் குலுக்கவும்’ என்று எழுதியிருந்தால் குலுக்குங்கள்.

4. பாதித்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். பெரியவர்களுக்குக் காது மடலை மேல்நோக்கிப் பின்னால் இழுத்தால் குழாய் நேராகும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கீழ்நோக்கிப் பின்னால் இழுக்க வேண்டும்.

5. சொன்ன எண்ணிக்கையில் சொட்டு விடுங்கள். பாட்டிலின் முனை காதிலோ விரலிலோ படக் கூடாது.

6. காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு குருத்தெலும்பை மெதுவாக நாலைந்து முறை அழுத்திவிடுங்கள். உள்ளே அடைத்திருக்கும் காற்று வெளியேறி மருந்து இறங்கும். அப்படியே 3 முதல் 5 நிமிடம் படுத்திருங்கள். ஒரு பாட்டு கேட்கும் நேரம்தான். இயர்பட்ஸ் இல்லாமல்!

வீக்கத்தால் குழாயே மூடியிருந்தால் மருந்து உள்ளே போகாது. அப்போது டாக்டர் ஒரு சிறு திரியை உள்ளே வைத்து, அதன் வழியாக மருந்தை இறக்குவார். அதை நீங்களே பிடுங்க வேண்டாம்.

எத்தனை நாள்?

சிப்ரோஃப்ளாக்சசினும் டெக்சாமெத்தசோனும் சேர்ந்த மருந்துக்கு வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 4 சொட்டு, நாளுக்கு 2 வேளை, 7 நாள். மற்றவற்றுக்கு இது மாறும். உங்கள் மருந்துச் சீட்டில் இருப்பதுதான் உங்களுக்கான கணக்கு. ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் விடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். இரட்டிப்பாக விடக் கூடாது.

2, 3 நாளில் வலி குறையத் தொடங்க வேண்டும். குறையாவிட்டால் மருந்தைத் தொடர்வதோ மாற்றுவதோ உங்கள் முடிவு அல்ல; திரும்பப் போய்க் காட்டுங்கள். குறைந்தாலும் சொன்ன நாள்வரை விடுங்கள். அதற்கு மேல் நீட்டவும் வேண்டாம்.

அதுவரை காது ஈரமாகக் கூடாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வாயிலில் வைத்துக்கொள்ளலாம். குளித்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும். நீச்சலுக்கும் இயர்பட்ஸுக்கும் லீவு கொடுங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதற்கும்தான்.

பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். பெரும்பாலான சொட்டு மருந்துகளைத் திறந்து 28 நாளானதும் தூக்கிப் போட வேண்டும். அட்டையில் இருக்கும் காலாவதித் தேதி, திறக்காத பாட்டிலுக்குத்தான்.

காதுக்கான மருந்தைக் கண்ணில் விடவே கூடாது. ‘கண்/காது’ என்று இரண்டும் அச்சிட்டிருந்தால்கூட, சீழ் வடிந்த காதுக்குப் பயன்படுத்திய பாட்டிலைக் கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள். அட்டையில் சிவப்புக் கோடும் ‘ஆர்எக்ஸ்’ என்ற குறியும் இருந்தால், மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று பொருள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

காலையில் எழுந்ததும் ஒரு பக்கக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. வலியும் இல்லை, சீழும் இல்லை. “குறும்பி அடைச்சிருக்கும்” என்று டிராப்ஸ் விட்டு ஒரு வாரம் காத்திருப்பவர்கள் உண்டு. இது உட்செவி நரம்பு சார்ந்த திடீர் கேட்புத் திறன் இழப்பாக இருக்கலாம். இதற்கும் ஸ்டீராய்டுதான் சிகிச்சை. ஆனால், மாத்திரையாகவோ செவிப்பறை வழியே ஊசியாகவோ தர வேண்டும். சொட்டு மருந்தால் பயனில்லை. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு வாய்ப்பு. அன்றைக்கே இஎன்டி டாக்டரைப் பாருங்கள்.

சர்க்கரை நோயாளிக்குக் காது வலி வந்தால் அலட்சியம் கூடாது. புறச்செவித் தொற்று எலும்புவரை பரவும் ஆபத்து, குறிப்பாக வயதானவர்களுக்கு, அதிகம். இரவில் தூங்கவிடாத வலி, முகம் ஒரு பக்கம் கோணுவது போன்றவை அபாய மணி. காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னால் தள்ளியிருப்பது, கடும் காய்ச்சல், நிற்காத தலைசுற்றல் எல்லாமே இந்தப் பட்டியலில்தான் வரும்.

அதோடு காது வலி எல்லாமே காதில் பிறப்பதில்லை. கடைவாய்ப் பல், தொண்டை, தாடை மூட்டு ஆகியவற்றில் பிரச்சினை இருந்தாலும் வலி காதில் தெரியும். சொத்தைப் பல்லுக்காகக் காதில் மருந்து விட்டு என்ன பயன்?

ஆகவே, இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். அப்பாவுக்கு எழுதிய அந்தப் பாதி பாட்டில் இன்னும் இருந்தால், அதற்கான இடம் குப்பைத் தொட்டி. “டாக்டரைப் பார்த்துட்டு வந்திடறேன்மா” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதற்குச் சோம்பல் வரலாம். ஆனால், கேட்கும் திறன் ஒருமுறை போனால், அதை எந்த மெடிக்கல் ஷாப்பிலும் வாங்க முடியாது.