டர்போசார்ஜர் ஏன் எண்ணெய் கக்குகிறது?

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் சாலை வழியே சென்றவர்களுக்குக் கிருஷ்ணகிரிக்கு அப்பால் உள்ள ஏற்றம் நினைவிருக்கும். மேலுமலை, சூளகிரி வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் ஏறி ஓசூரை அடைகிறோம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஜூஜுவாடி. அத்துடன் தமிழ்நாட்டின் எல்லை முடிந்து கர்நாடகத்தின் அத்திப்பள்ளி தொடங்குகிறது.

இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிடச் சுமார் பத்து விழுக்காடு குறைவு. ஆட்களையும் சுமையையும் ஏற்றிக்கொண்டு மேடேறும் டீசல் காருக்கு வேண்டிய காற்றை ஊட்டுவது அதிலுள்ள டர்போசார்ஜர். ஏற்றம் முடிந்து எல்லையோரத் தேநீர்க் கடையில் காரை நிறுத்தியதும், மறு நொடியே சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைத்து விடுகிறோம். டர்போசார்ஜரின் ஆயுளைக் குறைக்கும் செயல்களுள் இதுவும் ஒன்று. ஏன் என்று பார்ப்போம்.

கழிவிலிருந்து வலிமை

ஒரு கிலோகிராம் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ பதினான்கரை கிலோகிராம் காற்று தேவை. ஆகவே, சிறிய இயந்திரத்திலிருந்து மிகுந்த வலிமையைப் பெற வேண்டுமானால், அதனுள் மிகுதியான காற்றைத் திணிக்க வேண்டும். எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வீணாகிறது. இந்த வீணாகும் ஆற்றலைக் கொண்டே காற்றைத் திணிக்கலாம் என்று கண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி. அவர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பல்களிலும் பெரிய டீசல் இயந்திரங்களிலும் பயன்பட்ட இக்கருவி, 1962-இல் அமெரிக்காவில் கார்களுக்கு வந்தது. 2007-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஸ்விஃப்ட் டீசல் போன்ற சிறிய கார்களாலும் வாடகைக் கார்களாலும் இது நம் ஊர்ச் சாலைகளில் பரவலாயிற்று.

கருவியின் அமைப்பு எளியது. ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சக்கரங்கள். ஒரு முனையில் உள்ள சுழலியை வெப்பமான புகைவாயு சுழற்றுகிறது. மறுமுனையில் உள்ள காற்றமுக்கி வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, இயந்திரத்துக்கு அனுப்புகிறது.

எண்ணெயில் மிதக்கும் தண்டு

இந்தத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகள்கூடச் சுழலும். அதாவது நொடிக்கு 3,300 சுற்றுகளுக்கு மேல்! நாலரை சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் இந்த வேகத்தில் சுழன்றால், அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 470 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. காற்றில் ஒலி செல்லும் வேகமே நொடிக்கு 340 மீட்டர்தான்.

பெரும்பாலான கார்களின் டர்போசார்ஜர்களில் தண்டைத் தாங்குவது குண்டு பேரிங் அல்ல, உலோக வளையங்கள். தண்டுக்கும் வளையத்துக்கும் இடையிலும், வளையத்துக்கும் கூட்டுக்கும் இடையிலும் மெல்லிய மசகெண்ணெய்ப் படலம் இருக்கிறது. இயந்திரத்தின் எண்ணெய்ப் பம்பு அழுத்தத்துடன் அனுப்பும் எண்ணெய் இதுவே. உராய்வைக் குறைப்பதோடு வெப்பத்தையும் இதுவே எடுத்துச் செல்கிறது.

இயந்திரத்தைத் திடீரென அணைத்தால் என்ன ஆகும்? எண்ணெய்ப் பம்பு நின்றுவிடும். ஆனால், பல நூறு டிகிரி வெப்பத்தில் இருக்கும் சுழலிக் கூடு உடனே ஆறாது. அதன் வெப்பம் தண்டின் வழியே பேரிங்கை அடைந்து, அங்கே தேங்கி நிற்கும் எண்ணெயைக் கருக்குகிறது. அடுப்பிலேயே விடப்பட்ட வாணலியில் எண்ணெய் தீய்ந்து ஒட்டிக்கொள்வது போலத்தான் இதுவும். இந்தக் கரிப்படிவு எண்ணெய் வழிகளைக் குறுக்குகிறது. பெயர்ந்து வந்தால் மணல்போலப் பேரிங்கை அராவுகிறது.

எண்ணெயைத் தடுப்பது எது?

பேரிங்கிலிருந்து எண்ணெய் இரு பக்கச் சக்கரங்களுக்கும் பாயாமல் தடுப்பது ரப்பர் சீல் என்று பலர் எண்ணுகிறார்கள். இங்குள்ள வெப்பத்தில் ரப்பர் தாங்காது. பிஸ்டன் வளையம் போன்ற மெல்லிய உலோக வளையங்களே இங்கு உள்ளன. இவை தனித்து நின்று எண்ணெயை முற்றிலும் தடுக்க வல்லவை அல்ல. சக்கரங்களின் பக்கம் உள்ள வாயு அழுத்தம், நடுவே உள்ள பேரிங் கூட்டின் அழுத்தத்தைவிட மிகுதியாக இருப்பதாலேயே எண்ணெய் உள்ளேயே நிற்கிறது. பேரிங்கில் தன் வேலையை முடித்த எண்ணெய் அழுத்தமின்றி, புவியீர்ப்பால் மட்டுமே கீழே வடிகிறது.

இந்த அழுத்தச் சமநிலை கெட்டால், பழுதே இல்லாத டர்போசார்ஜரும் எண்ணெய் கக்கும். அது கெடும் வழிகள் மூன்று. ஒன்று, எண்ணெய் வடியும் குழாய் கரியால் அடைபடுவது அல்லது நசுங்குவது. இரண்டு, தேய்ந்த பிஸ்டன் வளையங்களைக் கடந்து வரும் வாயுவாலோ, அடைபட்ட பிரீதர் குழாயாலோ கிராங்க் அறையின் அழுத்தம் கூடுவது. மூன்று, தூசியால் காற்று வடிகட்டி அடைபட்டு, காற்றமுக்கியின் பக்கம் உறிஞ்சும் விசை மிகுந்துவிடுவது. இவற்றைச் சரிசெய்யாமல் புதிய டர்போசார்ஜரைப் பொருத்தினால் அதுவும் எண்ணெய் கக்கும். வாடகைக் கார் ஓட்டி வாழும் ஒருவர் அந்தச் செலவை இரு முறை ஏற்க முடியுமா?

கசிவைக் கண்டறியும் முறை

முதலில், கண்டது கசிவுதானா என்று தீர்மானிக்க வேண்டும். பிரீதர் குழாய் வழியே வரும் எண்ணெய் ஆவி காற்றுடன் கலப்பதால், காற்றுக் குழாய்களின் உட்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பே. குழாயிலோ இன்டர்கூலரின் அடியிலோ எண்ணெய் தேங்கி நின்றால்தான் கவலை. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் எவ்வளவு தூர ஓட்டத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதைக் குறித்து வருவது சிறந்த சான்றாகும்.

இரண்டாவதாக, புகையின் நிறம். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை காற்றுப் போதாமையைக் காட்டும். காற்றுக் குழாய் கிழிந்திருந்தாலும் இது தோன்றும். நீலப் புகை வந்ததாலேயே டர்போசார்ஜர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டக்கூடாது. தேய்ந்த பிஸ்டன் வளையங்களும் நீலப் புகை தரும். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. மெக்கானிக் டர்போசார்ஜரைக் கழற்றும்போது, புகைவாயு அதற்குள் நுழையும் வாயைப் பாருங்கள். அங்கேயே எண்ணெய் ஈரம் இருந்தால் அது இயந்திரத்திலிருந்து வந்தது. நுழையும் வாய் உலர்ந்து, வெளியேறும் வாய் மட்டும் நனைந்திருந்தால் எண்ணெய் டர்போசார்ஜரிலிருந்து வந்தது.

மூன்றாவதாக, வெளிக்கசிவு. எண்ணெய் வரும் குழாயின் இணைப்பும், வடியும் குழாயின் பேக்கிங்கும் கசிந்தால், கருவி முழுதும் நனைந்து பெரும் பழுதுபோலத் தோன்றும். கருவியை நன்றாகத் துடைத்து, சிறிது தூரம் ஓட்டியபின் பார்த்தால், முதலில் நனையும் இடமே மூலம் என்று அறியலாம். சூடான புகைக்குழாயின்மேல் எண்ணெய் சொட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு; இதைத் தள்ளிப்போடக்கூடாது.

தேய்மானத்தை அறிவது

இயந்திரத்தை அணைத்து, முற்றிலும் ஆறியபின் காற்று நுழையும் குழாயைக் கழற்றித் தண்டின் முனையை விரலால் அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. எண்ணெய்ப் படலத்துக்காக விடப்பட்ட இடைவெளியே அது. ஆனால் அசைக்கும்போது சக்கரம் கூட்டைத் தொட்டால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். தண்டின் நீளவாட்டில் முன்னும் பின்னும் ஆட்டம் விரலுக்குத் தெளிவாகத் தெரிவது நல்லதல்ல. இது பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். டயல் கேஜ் கொண்டு அளந்து, தயாரிப்பாளர் தந்துள்ள வரம்புடன் ஒப்பிடுவதே முறை. சங்கொலிபோல ஏறி இறங்கும் புதிய ஓசையும் பேரிங் தேய்மானத்தின் அறிகுறியாகலாம்.

பிரித்தபின், பழுதான பாகங்களே காரணத்தைச் சொல்லும். தண்டு நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் கிடைக்காமல் சூடேறியிருக்கிறது. பேரிங்கில் வரி வரியாகக் கீறல்கள் இருந்தால் எண்ணெயில் அழுக்கு இருந்தது. காற்றமுக்கியின் இதழ்கள் மழுங்கியிருந்தால் வடிகட்டியைக் கடந்து தூசி நுழைந்திருக்கிறது. முறிந்திருந்தால் ஏதோ கெட்டியான பொருள் உள்ளே போயிருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

ஏற்றத்திலோ நெடுஞ்சாலையிலோ விரைந்து வந்தபின் ஓரிரு நிமிடங்கள் இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்தாலும் போதும். குளிர்நீர் சுற்றும் புதிய டர்போசார்ஜர்களில் இத்தேவை குறைவு, ஆயினும் தீங்கில்லை. குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்பியவுடன் முறுக்காதீர்கள். குறித்த தரமுள்ள எண்ணெயையும் வடிகட்டிகளையும் குறித்த காலத்தில் மாற்றுங்கள். புதிய கருவி பொருத்தும்போது எண்ணெய்க் குழாய்களைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். பேரிங்கில் எண்ணெய் ஊற்றிய பிறகே இயந்திரத்தைக் கிளப்ப வேண்டும். எண்ணெய் வழியின் இணைப்பில் சிலிக்கோன் பசை பூசக்கூடாது. அதன் துணுக்கு ஒன்றே துளையை அடைக்கப் போதும்.

ஓர் எச்சரிக்கை. டீசல் இயந்திரம் மிகுதியாகக் கசிந்து வரும் எண்ணெயையே எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியைத் திருப்பியும் நிற்காமல் வெறிகொண்டு ஓடுவதுண்டு. நீலப் புகை கூடி, எண்ணெய் மட்டம் விரைவாக இறங்கும் காரை அப்படியே ஓட்டிச் செல்வது பேராபத்து.

மருத்துவர் காய்ச்சலுக்கு மருந்து தருமுன் அது எதனால் வந்தது என்று தேடுகிறார். டர்போசார்ஜர் கக்கும் எண்ணெயும் அப்படிப்பட்ட ஓர் அறிகுறியே. அடுத்த முறை மெக்கானிக் “டர்போ போய்விட்டது” என்றால், “எதனால் போனது?” என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை கிடைத்த பிறகே புதியதை வாங்குங்கள்.