கொழும்புத்துறைக் குடிலும் கடல் கடந்த திருவடியும்



யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் ஒரு சிறு குடில். நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகளிடம் அருள் பெற்ற யோகர் சுவாமிகள், 1964ஆம் ஆண்டு மார்ச்சில் சமாதி அடையும் வரை பல பத்தாண்டுகள் வாழ்ந்த இடம் அதுதான்.

1949இல் ஓர் அமெரிக்க இளைஞர் அந்தக் குடிலுக்கு வந்தார். சுவாமிகள் அவருக்குச் சூட்டிய பெயர் சுப்பிரமுனிய. பின்னாளில் அவர் ஹவாயின் காவாய்த் தீவில் ஓர் ஆதீனம் நிறுவினார். பெங்களூரில் செதுக்கிய வெள்ளைக் கருங்கற்களால் எழுந்த அதன் இறைவன் கோயிலுக்கு 2023இல் குடமுழுக்கு நடந்தது.

யோகர் சுவாமிகளின் வழியில் யாழ்ப்பாணத்துச் சிவதொண்டன் நிலையம் 1953இல் தொடங்கியது. போர்க்காலத்தில் எங்கள் சனம் கனடாவுக்குப் போனபோது அந்த மரபும் கூடவே போனது. ரொறொன்ரோவிலும் ஒரு சிவதொண்டன் நிலையம் உண்டு. வழிபாடு எளிமையானது: திருவடி வணக்கம், திருமுறையும் சுவாமிகளின் நற்சிந்தனைப் பாடல்களும் ஓதல், பிறகு பேச்சில்லாத தியானம்.

இப்படி வழிபாட்டையும் கூடவே கொண்டுபோவது எங்களுக்கு மட்டும் உரிய கதையல்ல. வியட்நாமில் இருந்து படகேறி ஜேர்மனி சேர்ந்த அகதிகளும் ஹனோவர் நகரில் வியென் ஜாக் என்னும் பௌத்த விகாரையைக் கட்டினார்கள். அதே ஜேர்மனியின் ஹம் நகரில், 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலில் எங்கள் பிள்ளைகள் தேர்வடம் பிடிக்கிறார்கள்.