பதினொன்றில் ஒளிந்திருக்கும் பத்து

மட்டாஞ்சேரி ஜூ டவுன் தெருவின் கோடியில், 1568-ல் எழுந்த யூதர் தொழுகைக் கூடத்தை ஒட்டி ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. டச்சுக்காரர்களோடு வாணிபம் செய்த எசக்கியேல் ரஹபி என்ற யூதச் செல்வந்தர் 1760-ல் கட்டியது அது. அதன் கடிகார முகங்களில் ஒன்றில் எபிரேய எண்கள், ஒன்றில் ரோமானிய எண்கள், இன்னொன்றில் பழைய மலையாள எண்கள். ஊரைப் பார்க்க வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு இதைவிட நல்ல கணக்குப் பாடம் கிடைப்பது அரிது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

கொச்சித் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளுக்கு எண்கள் மூன்று மொழிகளில் வந்து சேருகின்றன. வீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று. தெருவில் ஒந்நு, ரண்டு, மூந்நு. பள்ளியில் ஒன், டூ, த்ரீ. குழந்தை குழம்பிவிடுமே என்று பயந்து வீட்டுத் தமிழ் எண்களை நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. அது கைப்பொருளைத் தெருவில் எறிவது போன்றது.

ஏன் என்பதை மணிக்கூண்டே காட்டும். பதினொன்று என்ற இடத்தைப் பாருங்கள். ரோமானிய முகத்தில் பத்துக்கு ஒரு குறி, பக்கத்தில் ஒன்றுக்கு ஒரு கோடு. எபிரேயத்தில் எழுத்துக்களே எண்கள். பத்துக்கான ‘யோத்’, ஒன்றுக்கான ‘ஆலெப்’ இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. பழைய தமிழ் முறையிலும் ௰௧ என்றே எழுதினார்கள். வாயால் சொல்லும்போதும் தமிழில் பதினொன்று, பதின்மூன்று, பதினைந்து, மலையாளத்திலும் அப்படியே. பத்தும் அதன்மேல் சில்லறையும் காதில் விழுகின்றன. ஆங்கிலத்து ‘லெவனி’ல் பத்து எங்கே இருக்கிறது? குழந்தை அதை வெறும் ஒலியாக உருப்போட வேண்டியதுதான். (நம்முடைய பத்தொன்பதும் தொண்ணூறும் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இது சின்ன விஷயம் அல்ல. இந்தியக் கிராமப்புறங்களில் 2024-ல் எடுத்த ‘அசர்’ கணக்கெடுப்பில், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் கழித்தல் கணக்கைப் போட முடிந்தவர்கள் நூற்றுக்கு சுமார் 34 பேர்தான். கடன் வாங்கிக் கழிக்கும் இடத்தில்தான் தடுக்குகிறது. பத்து என்பது ஒரு கட்டு என்று கைக்குத் தெரியாதது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது. தென்னை ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். 32 என்றால் மூன்று கட்டு, இரண்டு உதிரி. அதிலிருந்து 17 கொடு என்றால் குழந்தை ஒரு கட்டைக் கொடுத்துவிடும். ஏழு உதிரிக்குத் திண்டாடும். கொஞ்சம் திண்டாடட்டும், அவசரப்பட வேண்டாம். தானே ஒரு கட்டைப் பிரித்து, பன்னிரண்டில் ஏழைக் கொடுத்து, ஒரு கட்டும் ஐந்து உதிரியும் மிச்சம் என்று நிமிரும். கடன் வாங்குவது என்றால் என்னவென்று அதற்குப் பிறகு விளக்கவே வேண்டாம்.

பாட்டி வீட்டுப் பல்லாங்குழியும் பரணில் தூங்க வேண்டியதில்லை. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்றால் எழுபது காய். குழியில் நான்கு சேர்ந்ததும் ‘பசு’ என்று அள்ளுகிற குழந்தை, எண்ணாமலே நான்கைக் கண்ணால் கண்டுகொள்கிறது. எந்தக் குழியில் எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழும் என்று பார்க்கும்போது மனக்கணக்கும் வந்துவிடுகிறது. ஜூ டவுனில் மிளகுக்குப் பஞ்சமில்லை என்றாலும், காய்க்குப் புளியங்கொட்டையோ சோழியோதான் நல்லது. மிளகு மூக்கில் ஏறினால் விளையாட்டு வேறு திசைக்குப் போய்விடும். சோழியானாலும் கொட்டையானாலும், வாயில் போடுகிற வயதுத் தம்பி தங்கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் ஆட்டம், பாட்டு, பொம்மை வழியாகவே கணக்கைக் கொண்டுபோகப் பார்க்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே இந்த வழியில் நடந்தவர் சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் பி. கே. ஸ்ரீநிவாசன் (1924–2005). ராயபுரத்தில் ராமானுஜனுக்கு ஓர் அருங்காட்சியகம் கண்டவர் அவர். சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியே அவருக்குப் பாடப் புத்தகம்.

இன்றே செய்து பார்க்கலாம். நாட்காட்டியில் 8, 9, அவற்றின் கீழே 15, 16 என்று நான்கு கட்டங்களைச் சுற்றிக் கோடு போடுங்கள். குறுக்காகக் கூட்டினால் 8-ம் 16-ம் 24. 9-ம் 15-ம் 24. மாதத்தில் எந்த நான்கு கட்டங்களை இப்படி எடுத்தாலும் இரண்டு குறுக்குக் கூட்டலும் சமமாகவே வரும். கொஞ்சம் பெரிய பிள்ளையானால் ஒன்பது கட்டமாகச் சதுரம் போடட்டும். நடு எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு, அதை ஒன்பதால் பெருக்கி மொத்தக் கூட்டுத்தொகையை அப்பா சட்டென்று சொல்லிவிடலாம். எப்படி என்று பிள்ளை கேட்கும். உடனே சொல்லிவிடாமல் ஒரு நாள் காக்க வைப்பது நல்லது.