தாத்தாவின் மோரிசுக்கு ஓர் இஞ்சின்

கழக மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, இலக்கியம் பற்றி எழுத எனக்குத் துணிவு வரவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த தமிழை, இடைநிலைப்பள்ளியில் வாரத்துக்கு மூன்று பாடவேளை வைத்துக் காப்பாற்றி வந்தவன் நான். இப்போது படிப்பது இயந்திரப் பொறியியல். எனவே எனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன்.

குளுவாங்கில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு மோரிஸ் மைனர் நிற்கிறது. 1961ஆம் ஆண்டு வண்டி. தோட்டத்துக் கிராணி ஒருவரிடமிருந்து தாத்தா 1970களில் வாங்கியது. அப்பா, அத்தை இருவரையும் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற காடி. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் ரெங்கம் சாலையில் கனெக்டிங் ராட் உடைந்து, பிளாக்கின் பக்கச் சுவரையே துளைத்து வெளியே வந்துவிட்டது. அன்று நின்ற வண்டிதான். தாத்தாவுக்கு இப்போது வயது 81. "அதோட சத்தத்த இன்னொரு தடவ கேக்கணும்டா" என்று போன தீபாவளிக்குச் சொன்னார். ஓட்ட வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

துளை விழுந்த பிளாக்கைப் பற்றவைத்து ஓட்டலாம் என்பாரும் உண்டு. நான் நம்பவில்லை. வேறு இஞ்சின் தேட வேண்டும். எதைத் தேடுவது?

அப்பாவின் யோசனை எளிமையானது. டட்சன் 120ஒய் வண்டியின் இஞ்சினைப் போட்டுவிடு, தீர்ந்தது வேலை என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த ஏ12 இஞ்சின் 1,171 சிசி. கிராங்க் தண்டைத் தாங்க ஐந்து பேரிங்குகள். மோரிசில் மூன்றே மூன்று. பழைய மோரிசுக்குள் நிசான் இஞ்சினைப் பொருத்தியவர்கள் பல நாடுகளில் உண்டு. டொயோட்டா கே வகையைப் போடுவோரும் உண்டு.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. இஞ்சின் பெயரில் வரும் எண்ணைப் பார்த்தவுடன் கொள்ளளவு என்று எண்ணிவிடக் கூடாது. நிசானின் ஏ12இல் 12 என்பது ஏறத்தாழ 1,200 சிசியைக் குறிக்கும். டொயோட்டாவில் முன்னால் வரும் எண் அந்தக் குடும்பத்தில் எத்தனையாவது பிள்ளை என்பதை மட்டுமே சொல்லும். 3கே என்றால் 1,166 சிசி, 4கே என்றால் 1,290. ஆனால் 2கே வெறும் 993 சிசிதான்; முதலில் வந்த கே இஞ்சினைவிடச் சிறியது! நமக்கெல்லாம் பழக்கமான 1985ஆம் ஆண்டு புரோட்டோன் சாகாவின் 4ஜி13 வேறு கணக்கு. அந்த மிட்சுபிசி முறையில் 4 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, ஜி என்பது பெட்ரோல். ஆளுக்கொரு இலக்கணம்.

இருந்தாலும் ஏ12 எனக்குப் பிடிக்கவில்லை. தாத்தா கேட்டது சத்தத்தை. 120ஒய்யின் சத்தம் மோரிசின் சத்தம் அல்ல.

எனவே மோரிஸ் குடும்பத்துக்குள்ளேயே தேடினேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்த வண்டி 16 இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. முதலில் 918 சிசி பக்கவால்வு இஞ்சின். 1952 முதல் ஆஸ்டினிடமிருந்து வந்த ஏ வகை இஞ்சின்: முதலில் 803 சிசி, 1956இல் 948, 1962இல் 1,098. வெளியிலிருந்து பார்த்தால் இந்த மூன்றும் உடன்பிறப்புகள் போலவே இருக்கும். எங்கள் வண்டிக்கு உரியது 948. ஆனால் 948 தருவது 37 குதிரைத்திறன், 1,098 தருவது 48. யாருக்குத்தான் ஆசை வராது?

ஆசையோடு போனது ஜொகூர் பாரு புறநகரில் உள்ள ஒரு பொத்தோங் கடைக்கு. "தம்பி, ஆயிரத்து நூறு இஞ்சின், ஒரிஜினல்" என்று கடைக்காரர் ஒன்றைக் காட்டினார். ஏ வகை இஞ்சினில் டைனமோவுக்கு மேலே, பிளாக்கின் வலப்பக்கம், ஒரு சிறிய தகட்டில் எண் இருக்கும். அந்தத் தகட்டில் 10எம்ஏ-யு-எச் என்று தொடங்கியது. 10 என்றால் 1,098 சிசி; எம் என்றால் மோரிஸ் மைனர்; யு என்றால் கியர்க்கோல் வண்டியின் நடுவில் இருப்பது; எச் என்றால் உயர் அழுத்தம். 948ஆக இருந்தால் 9எம் என்று தொடங்கும். எல்லாம் சரி போலத்தான் தெரிந்தது.

ஆனால் தகடு என்பது தகடுதான். அடித்துப் பொருத்தியதைக் கழற்றி வேறு பிளாக்கில் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? வார்ப்பில் வந்த எழுத்தை அப்படி மாற்ற முடியாது. கந்தல் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுப் பிளாக்கின் பக்கத்தைத் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் 950 என்ற புடைப்பெழுத்து தெரிந்தது. 948 பிளாக்குகளில் இருப்பது அது. 1,098 ஆக இருந்தால் 1100 என்று இருக்க வேண்டும்.

கடைக்காரர் விடவில்லை. சிலிண்டர் ஹெட் ஏற்கெனவே கழற்றியிருந்தது. "அளந்து பாரு" என்றார். வெர்னியர் அளவியை வைத்தேன்; சிலிண்டர் விட்டம் 64.4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 1,098இன் விட்டம் 64.58. ஒரு கணம் நான் தான் தவறோ என்று நினைத்துவிட்டேன்.

விளக்கம் இதுதான். 948இன் இயல்பான விட்டம் 62.94 மி.மீ. சிலிண்டர் தேய்ந்தால் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் 20, 40, 60 பங்கு என்று படிப்படியாகப் போகும். 60 என்றால் 1.52 மி.மீ. 62.94உடன் கூட்டிப் பாருங்கள்: 64.46. கண்ணுக்கு 1,098 போலவே இருக்கும்.

எத்தனை முறை கடைந்தாலும் மாறாதது ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம். அதைத் தீர்மானிப்பது கிராங்க் தண்டு. 948இல் 76.2 மி.மீ., 1,098இல் 83.72. பிஸ்டனை மேல் எல்லைக்குக் கொண்டுவந்து பிளாக்கின் மேல்தளத்திலிருந்து ஆழத்தை அளந்தேன். பிறகு கீழ் எல்லைக்கு இறக்கி மீண்டும் அளந்தேன். வித்தியாசம் 76 சொச்சம். ஏழரை மில்லிமீட்டர் குறைந்தால் அதற்குச் சமாதானம் கிடையாது.

ஆக அது கடைசி வரை கடைந்து தீர்ந்த 948. தகடு மட்டும் வேறு இஞ்சினுடையது. கடைக்காரர் உடனே விலையைப் பாதியாகக் குறைத்தார். அப்பாவுக்குக் கை அரித்தது. ஆனால் நம் நாட்டில் இஞ்சின் எண் வாகனத்தின் கெரானில் பதிவாகும் ஒன்று. இஞ்சினை மாற்றினால் ஜேபிஜேவுக்குத் தெரிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். அந்தத் தகட்டின் உண்மையான இஞ்சின் எந்த வண்டியில், யார் பெயரில் இருக்கிறதோ! தாத்தா பெயரில் உள்ள கெரானில் ஊர் பேர் தெரியாத எண்ணை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு கடையில் உண்மையிலேயே 1,098 கிடைத்தது. ஆனால் அது முன்சக்கர இழுவை மோரிஸ் 1100 வண்டியினுடையது. அந்த வண்டியிலும் மினியிலும் இஞ்சின் குறுக்காக நிற்கும். கியர் பெட்டி எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அதன் கிராங்க் தண்டின் பின்முனை கூம்பாக முடியும். மைனரினுடையதில் ஃப்ளைவீலைத் திருகிப் பொருத்தும் தட்டு இருக்கும். பிளாக் ஒத்துப்போனாலும் பின்பக்கம் முழுவதையும் மாற்ற வேண்டும். எந்த ஏ வகை இஞ்சினைப் பார்த்தாலும் முதலில் பின்முனையைப் பாருங்கள்.

அதற்குள் 1,098 ஆசையும் எனக்குத் தணிந்திருந்தது. அந்த இஞ்சினோடு பெரிய கிளட்ச், வலுவான கியர் பெட்டி, முன்சக்கரத்தில் 7 அங்குலத்துக்குப் பதில் 8 அங்குல பிரேக் டிரம் எல்லாம் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். இஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டு பிரேக்கை விட்டுவிட்டால், 81 வயதுக்காரர் முன்னிருக்கையில் உட்காரும் வண்டிக்கு அது சரிவராது.

கடைசியில் பத்து பகாட்டில் பழைய வண்டிகளை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் 948 ஒன்று கிடைத்தது. தகடு 9எம். புடைப்பெழுத்து 950. ஸ்ட்ரோக் 76.2. பிஸ்டன் தலையில் 20 என்ற முத்திரை. இன்னும் இருமுறை கடைய இடமுண்டு. அந்த இஞ்சின் இருந்த வண்டியின் கெரான் நகலையும் ரசீதையும் அவரே எடுத்துக் கொடுத்தார். ஈயமில்லாப் பெட்ரோலைத் தாங்க எக்சாஸ்ட் வால்வுகளுக்குக் கடின இருக்கைகள் பொருத்த ஹெட்டை மட்டும் போர்மேனிடம் கொடுத்திருக்கிறோம்.

பிளாக்கை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர ஒன்னு, மூனு, நாலு, ரெண்டுன்னு மாட்டு. மாத்தி மாட்டுனா உதைக்கும்" என்றார்.

அந்த வரிசை சரிதான். புத்தகத்தைப் பார்த்தேன்.