மழைக்காலத்தில் பண்டிகை விளக்குச் சரங்கள்

தீபாவளி, திருக்கார்த்திகை, கிறிஸ்துமஸ் ஆகிய பண்டிகைகள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே வருகின்றன. கொட்டிவாக்கம் போன்ற கடலோர ஊர்களில் மழையோடு வேறொரு கெடுதியும் சேருகிறது. கடற்காற்றிலுள்ள உப்பு, வாசலிலும் மரங்களிலும் கட்டிய விளக்குச் சரங்களின் இணைப்புகளில் படிகிறது. ஈரம் பட்டவுடன் அவ்வுப்பு கரைந்து மின்சாரம் கசிந்தோட வழியாகிவிடுகிறது.

சிறு பல்பினால் என்ன அபாயம் நேரும் என்று எண்ணுவோர் பலர். பல்பு ஒவ்வொன்றும் 6 வோல்ட்டுக்கே உரியதாயினும், சுமார் 40 பல்புகள் ஒரே தொடராகக் கோக்கப்பட்டு வீட்டின் 230 வோல்ட்டில் எரிகின்றன. ஒரு பல்பு கழன்ற இடத்தை ஈரத் தரையில் நின்று தொடுவோர் முழு 230 வோல்ட்டுக்கும் ஆளாக நேரிடலாம்.

நனைந்த உடம்பின் தடை சுமார் 1,000 ஓம் அளவிற்குக் குறையக்கூடும். அப்பொழுது 230 மில்லி ஆம்பியர் பாயும். இருதயத் துடிப்பைக் குலைக்க 100 மில்லி ஆம்பியர் சில விநாடிகள் பாய்ந்தாலே போதும். 5 ஆம்பியர் பியூஸ் காப்பாற்றும் என்பது வீண் நம்பிக்கை. 5,000 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டாலன்றி அது உருகாது. அது வயரைக் காக்குமேயன்றி மனிதரைக் காவாது. மனிதரைக் காப்பதற்கு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவி வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானைப் பண்டிகைக்கு முன் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்வது நலம்.

சரத்தை முள்வேலியிலோ இரும்புக் கம்பத்திலோ கட்டலாகாது. ஓரிடத்தில் உறை கிழிந்தாலும் வேலி முழுவதும் மின்சாரம் ஏறும். மாடு கட்டிய தோட்டங்களில் இது மிகவும் கொடிது. பிளக்கு தாழ்வாரத்தின் உள்ளே, தரைக்கு மேலே இருக்கவேண்டும். வயரைப் பிளக்குக்குக் கீழே சற்று வளையவிட்டு மேலேற்றினால், வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். பம்பு செட்டு இணைப்பிலிருந்து விளக்குக்கு மின்சாரம் இழுப்பது சட்டவிரோதம். ஈரமான கிணற்றடியில் அபாயமும் அதிகம்.

கோயில் விழாக்களில் கிராம அதிகாரிகளின் பொறுப்பு பெரிது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் விழாத் தேரின் மேற்பகுதி உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் மாண்டனர். தேர் செல்லும் வழியிலுள்ள கம்பிகளின் உயரத்தை முன்னதாகவே பார்த்து, தேர் கடக்கும் வரை மின்சாரத்தை நிறுத்துமாறு மின்வாரிய அலுவலகத்திற்கு எழுதிக் கேட்கவேண்டும்.

வீட்டில் எவரேனும் மின்சாரத்தில் சிக்கினால் அவரைக் கையால் இழுக்கக்கூடாது. முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டே அவரைத் தொடவேண்டும். மூச்சு நின்றிருந்தால், 108 ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பின் நடுவே இரு கைகளாலும் விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.